நீல வட்டத்துக்குள் அம்மா

ராஜபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது என் வேலை. காலையில் வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்களைப் போல் கோபக்காரர்கள் உலகத்தில் கிடையாது. காபி குடிக்க முடியாத ஆத்திரம் முழுவதையும் என் தலையில் இறக்குவார்கள். அதனால் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு என் கைபேசியை நம்பித்தான் பிழைக்கிறேன். பெரும்பாலும் சரியான பேட்டைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அதற்கப்புறம் ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்தி, சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று சொல்லும். வீடு சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த தெருவில் இருக்கும்.

முதலில் எரிச்சலாக இருந்தது. போகப் போக, இதற்கு எப்படி என் இடம் தெரிகிறது, தெரிந்ததுதான் தெரிந்தது, ஏன் முழுசாகத் தெரியவில்லை என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டேன் என்பது எங்கள் வீட்டில் எல்லாரும் அலுத்துக்கொள்கிற குணம். அது வெறும் பொழுதுபோக்காக இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு அது அம்மாவின் கல்லறையில் வந்து நின்றது.

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள். கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்து ஆயுசில் பெரும்பகுதி இங்கேயே கழிந்தும், "என்னை எங்க ஊர்க் கல்லறையிலதான் வைக்கணும்" என்று சொல்லி வைத்திருந்தாள். மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து, அவள் பெயர் எழுதிய மரச்சிலுவையைத் தலைமாட்டில் நட்டுவிட்டு வந்தோம். மண் நன்றாக அமர்ந்து இறுகிய பிறகுதான் மேலே கட்டுவது எங்களிடையே வழக்கம். அதுவரை மண்மேடும் மரச்சிலுவையும்தான் அடையாளம்.

துபாயிலிருந்து வந்திருந்த என் தம்பி மட்டும் இன்னொரு அடையாளமும் வைத்தான். எல்லாரும் குழியில் ஆளுக்கொரு பிடி மண் போட்டு முடித்ததும், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பைக்குள்ளிருந்து கைபேசியை எடுத்து, வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்தான். சிவப்பாக ஒரு புள்ளி. அதற்கு 'அம்மா' என்று பெயர் வைத்து எனக்கும் அனுப்பினான். திரும்பிப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் திறந்து, மேலேயிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பான். சாம்பல் நிறத்தில் ஒரு திட்டுதான் தெரியும். "அம்மாவப் பாத்தேன்க்கா" என்று போனில் சொல்வான். சிரிப்பதா அழுவதா என்று எனக்கு விளங்காது.

அடுத்த கல்லறைத் திருநாளுக்குள் அம்மாவுக்குக் கல் வைத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, பிடிவாதம். நவம்பர் இரண்டாம் தேதி மாலை எல்லாக் குடும்பமும் தங்கள் தங்கள் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக் காத்திருக்கும். பங்குச் சாமியார் ஒவ்வொன்றாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அன்றைக்கு அம்மா வெறும் மண்ணாகக் கிடக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வந்தவர்தான். நடுவில் முட்டியில் ஆபரேஷன் ஆகி, சில மாதங்கள் வீட்டோடு கிடந்தார்.

திருநாள் நெருங்கியதும் கல் அளவு எடுக்கலாம் என்று போனோம். என் வீட்டுக்காரர்தான் கார் ஓட்டினார். அவர் காரின் முன்கண்ணாடியில் ஒரு பழைய வழிகாட்டிப் பெட்டி ஒட்டியிருக்கும். கைபேசியில் வரைபடம் வருவதற்கு முன்னால் வாங்கியது. அதைக் கழற்றச் சொன்னால் அவர் முகம் சுண்டிவிடும். புது நான்குவழிச் சாலையில் ஏறியதும் அந்தப் பெட்டி நாங்கள் ஏதோ தென்னந்தோப்புக்குள் போய்க்கொண்டிருப்பதாகக் காட்டியது.

"மரத்துல மோதிறாதீங்க" என்றேன்.

"அது சரியாத்தான் காட்டுது. முன்ன இது தோப்புதான. ரோட்டைத்தான் புதுசா போட்டுருக்காங்க" என்றார்.

கேலி செய்ய வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். அவர் சொன்னது உண்மை. இடம் தெரிவது வேறு, அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரிவது வேறு. பெட்டிக்கு இடம் தெரிந்தது, படம் பழசு. என் கைபேசிக்குப் படம் புதுசு, ஆனால் அது எங்களை எப்படியாவது ரோட்டின்மேல் உட்கார வைத்துவிட வேண்டும் என்று பார்க்கும். டீ குடிக்க ஓரமாக இறங்கி நின்றாலும் நீலப் புள்ளி நடுரோட்டிலேயே நிற்கும். இரண்டும் இரண்டு விதமான பொய் என்று நினைத்துக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தைத் தாண்டினேன்.

கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் அப்பா அப்படியே நின்றுவிட்டார். திருநாளுக்காகச் சுத்தம் செய்திருந்தார்கள். ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை ஜேசிபி வைத்து வழித்து எடுத்திருந்தார்கள். கல்லால் கட்டியவை மட்டும் அப்படியே இருந்தன. புதிதாக அடக்கம் நடந்த மேற்குப் பக்கத்தில் மேடுகள் எல்லாம் அழுந்தி, தரை களம் மாதிரி கிடந்தது. மரச்சிலுவைகளை மட்டும் மரியாதையாகப் பிடுங்கி, மதிலோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

அம்மாவின் சிலுவை அதில் இருந்தது. பெயின்ட்கூட உதிரவில்லை. அப்பா அதை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். நடுவதற்கு இடம்தான் தெரியவில்லை.

"இந்த வேப்பமரத்துல இருந்து செத்த தள்ளி" என்று அவர் ஓரிடத்தில் போய் நின்றார். கூட வந்திருந்த என் சித்தி, "இல்ல மச்சான், அக்கா இன்னும் உள்ளாற" என்று வேறோரிடத்தில் நின்றாள். எனக்கு இரண்டுமில்லை என்று தோன்றியது. நாங்கள் எல்லாரும் அந்தக் கருவேலம் புதர்களை வைத்துத்தான் இடத்தை ஞாபகம் வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது. பங்குக் கோயில் பதிவில் பெயரும் நாளும் உண்டு, இடம் கிடையாது. குழி வெட்டியவர் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்.

துபாய்க்குப் போன் போட்டேன். "எதுக்குக்கா பதறுத? நாந்தான் அன்னைக்கே குறிச்சு வச்சிருக்கேன்லா" என்றான். அவன் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டதும் எனக்கும் நிம்மதி வந்துவிட்டது. சிவப்புப் புள்ளியைத் திறந்து நடந்தேன். நீலப் புள்ளி சிவப்பை நெருங்கியது, தொட்டது. அப்பா சிலுவையோடு பின்னாலேயே வந்தார். நான் நின்ற இடத்தில் அவர் சிலுவையைத் தரையில் ஊன்றப் போனபோது நீலப் புள்ளி நகர்ந்தது. நான் நகரவில்லை, அது நகர்ந்தது. வேப்பமரத்தை நோக்கிப் போய், மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அதைச் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு வட்டம். இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறாய் என்று அர்த்தம். அந்த வட்டத்துக்குள் ஐந்தாறு பேரை அடக்கம் பண்ணலாம், பண்ணியும் இருந்தார்கள்.

"என்னட்டி சொல்லுது?" என்று கேட்டார் அப்பா.

"இங்கனதான்ப்பா."

"இங்கனதான்னா எங்கன?"

நான் அந்த நீல வட்டத்தை அவரிடமே காட்டினேன். அடுத்தவர் கல்லறைமேல் நம் கல்லை வைத்துவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே கழுவுவது என்று அவர் சிலுவையைக் காருக்குள் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அது எங்கள் வீட்டுக் கதவோரம் நின்றது. ரத்தம் எடுக்கக் கிளம்பும்போதெல்லாம் அம்மா பெயரைப் பார்த்துக்கொண்டுதான் செருப்பு மாட்டுவேன். தாங்கவில்லை.

என் கூடப் படித்த ஒருத்தி கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறாள். மலையில் மிருகங்களைக் கணக்கெடுக்கும்போது கூடப் போவாள். அங்கே டவரே கிடைக்காதென்பதால் இடம் பார்க்கவென்றே ஒரு ஜிபிஎஸ் கருவி வைத்திருப்பாள். கைக்கடக்கமாக, மஞ்சளாக, தண்ணீரில் விழுந்தாலும் கெடாத கருவி. அதைக் கடன் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவளே எடுத்துக்கொண்டு வந்தாள்.

எடுத்த எடுப்பில் கல்லறைக்குப் போகவில்லை. முதலில் இரண்டையும் சோதிக்க வேண்டும் என்றேன். எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூலையில் கைபேசியையும் மஞ்சள் கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். கைபேசி கண் மூடித் திறப்பதற்குள் இடத்தைச் சொல்லிவிட்டது. பக்கத்து டவர், வீடுகளின் வைஃபை என்று அதற்குக் கைகொடுக்க ஆட்கள் உண்டு. மஞ்சள் கருவி வானத்தை மட்டுமே நம்பும். எந்தச் செயற்கைக்கோள் எங்கே என்று தேடி, நிதானமாகத்தான் வாய் திறந்தது. ஆனால் திறந்த வெளியில் இரண்டும் சொன்னது கிட்டத்தட்ட ஒன்றுதான். இவ்வளவு பெரிய கருவி இதற்குத்தானா என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது.

"மாடிப்படிக்குக் கீழ கொண்டு வா பாப்போம்" என்றாள் தோழி.

மூன்று பக்கமும் சுவர் இருந்த இடத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. கைபேசியின் புள்ளி பக்கத்து வீட்டு அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சுவரில் பட்டுத் திரும்பி வருகிற சமிக்ஞையை நேரே வந்ததாக அது எடுத்துக்கொள்கிறது என்று அவள் விளக்கினாள். மஞ்சள் கருவியும் தள்ளாடத்தான் செய்தது. ஆனாலும் எங்கள் காம்பவுண்டை விட்டுத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவிடம் சொன்னேன். "உன் போனுக்குத் தெரிஞ்சிருக்கு, எங்க வீட்டுல இன்னைக்குப் பப்புச் சோறுன்னு. நீயும் வா" என்றாள்.

மஞ்சள் கருவிக்கு இன்னொரு வித்தையும் தெரிந்திருந்தது. ஓரிடத்தில் வைத்து, சராசரி எடு என்று சொல்லிவிட்டால் போதும். வருகிற ஒவ்வொரு கணிப்பையும் சேர்த்துச் சேர்த்து, தள்ளாட்டத்தைக் கழித்து, ஓரிடத்தைப் பிடித்துவிடும். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதை வைத்து அம்மாவைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் தோழியும் நானும் கல்லறைக்குப் போனோம். தம்பி வைத்த புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மஞ்சள் கருவியில் ஏற்றினோம். அது காட்டிய திசையில் நடந்தோம். கைபேசி நிறுத்திய இடத்துக்கும் இதற்கும் நாலைந்து எட்டு வித்தியாசம் இருந்தது. கருவி ஆடாமல் அசையாமல் நின்றது. நான் காலால் தரையில் கோடு கிழிக்கப் போனேன்.

தோழி என் கையைப் பிடித்தாள். "இருடி. இது நாம இப்ப நிக்க இடத்தத்தான் சரியா சொல்லும். உன் தம்பி அன்னைக்கு எதுல குறிச்சான்?"

"போன்லதான்."

"எங்க நின்னு குறிச்சான்?"

சட்டென்று எல்லாம் கண்முன் வந்தது. மழை. வேப்பமரத்தடியில் நெருக்கியடித்துக்கொண்டு கூட்டம். பைக்குள்ளிருந்து அப்போதுதான் எடுத்த கைபேசி. அவன் கால்மாட்டில் நின்றானா, பக்கவாட்டிலா? அழுதுகொண்டே ஒரு தடவை அமுக்கிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டான். அந்த ஒரு நொடியில் புள்ளி எங்கே தள்ளாடிக்கொண்டிருந்ததோ, அங்கேதான் அம்மா என்று எழுதிவிட்டது. எத்தனை உசத்தியான கருவியைக் கொண்டுவந்தாலும் அந்தத் தப்பான இடத்துக்குத்தான் துல்லியமாகக் கூட்டிப்போகும். இதைவிடத் துல்லியமாக, விரற்கடை அளவுக்குச் சொல்கிற நில அளவைக் கருவிகள் எல்லாம் உண்டு என்றாள் தோழி. அவற்றைக் கொண்டுவந்தாலும் இதே கதைதான். தம்பியை நினைத்துப் பாவமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தானோ.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "மெழுகுவர்த்தியாவது வாங்கி வை" என்று மட்டும் சொன்னார்.

கல்லறைத் திருநாள் அன்று சிலுவையையும் செவ்வந்தி மாலையையும் எடுத்துக்கொண்டு மத்தியானமே போய்விட்டோம். தோழி அன்று மலைக்குப் போயிருந்தாள், கருவி மட்டும் என் பையில் இருந்தது. மேற்குப் பக்கத்தில் எங்களைப் போலவே சிலுவையும் கையுமாக நாலைந்து குடும்பம் நின்றது. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. நான் கருவியை வைத்து, தம்பியின் புள்ளியைச் சுற்றி உத்தேசமாக ஒரு வட்டம் கிழித்து, இதற்குள்தான் அம்மா இருக்கிறாள் என்றேன். அவ்வளவு வரைக்கும் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

மாலை ஆக ஆக ஆட்கள் வந்தார்கள். ஒரு பெரியவர் வந்து, கல்லால் கட்டிய ஒரு கல்லறையைக் காட்டி, அதற்கு நேர் எதிரேதான் தன் மகளை வைத்ததாகச் சொல்லி வட்டத்துக்குள் ஓரிடத்தில் பூவைத் தூவினார். மதிலில் இருந்த விரிசலைப் பார்த்து ஒரு குடும்பம் தன் இடத்தைக் கண்டுபிடித்தது. ஒவ்வொரு மெழுகுவர்த்தி எரியும்போதும் எங்கள் வட்டம் சுருங்கியது. எந்தக் கருவியும் சுருக்காத வட்டம் இப்படிச் சுருங்குகிறதே என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாருமே வராமல் கடைசியில் இரண்டு இடங்கள் மிஞ்சின. ஒன்றையொன்று ஒட்டினாற்போல, மண் லேசாக உள்வாங்கிய இரண்டு நீளங்கள். ஒன்று அம்மா. எது?

சாமியார் தீர்த்தச் செம்போடு எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். "உங்களது எது?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் கருவியைப் பார்த்தேன். அது வலதுபக்கத்து இடத்தைக் காட்டியது, தம்பியின் புள்ளியை நம்பிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டார். மெழுகுவர்த்திக் கட்டைப் பிரித்து இரண்டிலும் ஏற்றினார். மாலையைப் பிய்த்துப் பாதிப் பாதியாகப் போட்டார்.

"ரெண்டையும் மந்திரிங்க சாமி. இன்னொண்ணு யாரோ, அவியளுக்கும் ஆளில்லைன்னு இருக்கக் கூடாதுல்ல" என்றார்.

சாமியார் இரண்டையும் மந்திரித்துவிட்டு நகர்ந்தார். சிலுவை மட்டும் நடப்படாமல் அப்பாவின் மடியில் கிடந்தது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வாசலிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற வேலையாம், பஸ் கிடைக்காமல் லேட்டாகிவிட்டதாம். கையில் ஒரு பூப்பொட்டலம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நேரே எங்களிடம் வந்து, வலதுபக்கத்து இடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இந்த மெழுகுவர்த்தி யாரு பொருத்துனது?"

தப்புச் செய்தவரைப் போல் அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். "நாந்தாம்மா. இது உங்களதா?"

"எங்க வீட்டுக்காரரு" என்றாள். உட்கார்ந்து, தலைமாட்டில் விரலால் மண்ணைச் சுரண்டினாள். ஒரு செங்கல்லின் முதுகு தெரிந்தது. "சிலுவை விழுந்துட்டா எங்கனன்னு தேடுவேன்னு அன்னைக்கே அமுக்கி வச்சேன்." பிறகு எரிகிற மெழுகுவர்த்தியைப் பார்த்தாள். "சாமியாரு போயிருப்பாரு, அவரு மட்டும் இருட்டுக்குள்ள கெடப்பாருன்னு பஸ் பூரா அழுதுட்டே வந்தேன்ய்யா."

  அப்பா இடதுபக்கம் நகர்ந்தார். அம்மாவின் தலைமாட்டைக் கையால் தடவிப் பார்த்தார். சிலுவையை ஊன்றி, இரண்டு கையாலும் மண்ணை அணைத்தார். நானும் அந்தப் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் மிதித்து இறுக்கினோம். நான் அழுதேன், நன்றாகவே அழுதேன்.

தம்பி வீடியோவில் வந்தான். சிலுவையைப் பார்த்ததும், "நான் குறிச்சதுக்குப் பக்கத்துலதான இருக்கு, சொன்னேன்லா" என்றான். பக்கத்தில்தான். ஒரு ஆள் படுக்கிற அகலம் தள்ளி. அவன் இத்தனை ஞாயிறும் பார்த்தது அந்தப் பெண்ணின் வீட்டுக்காரரை என்று நான் சொல்லவில்லை, அப்பா சொல்லிவிட்டார். அவன், "சரியான இடத்தை எடுத்து அனுப்புக்கா" என்றான்.

கருவியை எடுத்துச் சராசரி போடலாமா என்று ஒரு நிமிடம் பையில் கைவிட்டேன். பிறகு வேண்டாம் என்று கைபேசியையே சிலுவையின் காலடியில் வைத்துக் காத்திருந்தேன். நீல வட்டம் பெரிதாகி, சிறிதாகி, அதற்குமேல் சுருங்க மாட்டேன் என்று நின்றது. இரண்டு மெழுகுவர்த்தியும் அதற்குள்தான் எரிந்தன. அப்படியே அனுப்பிவைத்தேன்.